அண்ணன் தட்டிய மரம்

மாடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டதும், "இரு, வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, கையிலிருந்த கிலுகிலுப்பையை உப்புத்தாளோடு சேர்த்துக் கீழே வைத்தார் பெரியவர். தாடை உடைந்து, பல் வரிசைகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டிய நாளிலிருந்து தம்பிக்குப் பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டுவான். டொக் டொக். பிறகு ஓர் இடைவெளி. வீட்டில் எல்லோருக்கும் அது பழகிப்போயிருந்தது. பெரியவர் பட்டறையைத் தாண்டி, மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றி, முதல் படியில் காலும் வைத்துவிட்டார். அப்புறம்தான் நினைவு வந்தது. காலையிலேயே தம்பியை அவன் மனைவி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டாள். வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை.

படியிலிருந்து காலை எடுத்தார்.

மழைதான், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஈரக்காற்றில் மரம் உப்பும், உப்பினால் முனகும். கூரைச் சட்டத்திலிருந்து கதவு நிலை வரை மரத்தால் ஆன வீடு. பின்கட்டில் பட்டறை. சுவரோடு, மரத்தைச் சுழற்றிச் சீவும் கடைசல் இயந்திரம், அதன் காலடியில் சுருள் சுருளாய் மரச்சீவல், எதிரே நீளமான அலமாரியில் பம்பரங்களும் கிலுகிலுப்பைகளும் மூடி போட்ட செப்புகளும் கிண்ணங்களும். ஒவ்வொன்றின் அடியிலும் சுழலும்போதே கம்பியை அழுத்திச் சுட்ட ஒரு கறுப்பு வளையம். அதுதான் குடும்பத்தின் அடையாளம். அந்த வளையம் இருந்தால் உள்ளே விரிசல் இல்லை, ஒட்டு இல்லை, பூச்சு வேலை இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெரியவர் அதைக் காப்பாற்றிக்கொண்டுதான் இந்த வயது வரை நிமிர்ந்து நடந்தார்.

திரும்பவும் வந்து உட்கார்ந்தார். கிலுகிலுப்பையை எடுத்தார். உப்புத்தாளின் உரசல் மழைச் சத்தத்தோடு சேர்ந்து ஒரே இரைச்சலாய் இருந்தது. அதற்குள்ளேயும் காது மாடியில்தான் கிடந்தது.

காலையில் வாசலில் வண்டி நிற்கும்போதுதான் தம்பி மனைவி ஆரம்பித்தாள்.

"மாமா, ஒரு வார்த்தை."

"வண்டி காத்துக்கிட்டு நிக்குது பாரும்மா."

"நிக்கட்டும். இவர் குடிக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியும். எங்கயாவது ஜூஸ் கொடுத்தாலே மோந்து பாத்துட்டுக் குடிக்கிற ஆளு."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இன்னிக்குக் கடைக்காரர் வரார். அவர்கிட்டயாவது உள்ளதைச் சொல்லுங்க. எனக்காக வேண்டாம். வாயத் திறக்க முடியாம நிக்கறாரே, இவருக்காக."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். தாடையைச் சுற்றித் தலைக்கு மேல் கொண்டுபோய் முடிந்த வெள்ளைக்கட்டு. அவன் மனைவியின் கையைத் தொட்டு, விடு என்பதுபோல் தலையசைத்தான். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் பெரியவரை உறுத்தியது. ஒரு முறை முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏனென்றால் தம்பியின் தாடையை உடைத்த அந்தக் கட்டை, விரிசல் விட்ட கட்டை.

பெரிய கிண்ணத்துக்கென்று எடுத்து வைத்தது. இந்த வீட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் கடையின் முகப்பில் வைக்கப்போகும் கிண்ணம். "என் கையில இருக்கறது குறையே இல்லாத கட்டை" என்று கடைக்காரரிடம் நாலு பேர் நடுவே பெருமையாகச் சொல்லியாகிவிட்டது. பிறகுதான் காயும்போது ஒரு மயிரிழைக் கோடு ஓடியதைக் கண்டார். அடுப்புக்குப் போயிருக்க வேண்டிய மரம். யாரும் இல்லாத நேரத்தில் அதே மரத்தின் மெல்லிய தூளைப் பசையில் குழைத்து, கோட்டுக்குள் உள்ளங்கையால் தேய்த்து இறக்கி, காயவிட்டு, இழைத்து, மேலே மெழுகும் பூசினார். பூசியவருக்கே இடம் தெரியவில்லை.

தம்பி எந்தக் கட்டையையும் தட்டிப் பார்க்காமல் இயந்திரத்தில் ஏற்ற மாட்டான். விரல் முட்டியால் இரண்டு தட்டு, பிறகு காதைக் கொடுத்து ஒரு நிறுத்தம். நல்ல மரம் திருப்பிப் பேசும். விரிசல் மரம் செத்த சத்தம் கொடுக்கும். அன்றும் தட்டக் கையைத் தூக்கினான். "நான் தட்டிப் பாத்தாச்சு" என்றார் பெரியவர். அவ்வளவுதான். அண்ணன் தட்டிப் பார்த்த மரத்தைத் தம்பி மறுபடி தட்டுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. அது அண்ணன் வார்த்தையைச் சந்தேகப்படுவது. தம்பி கையை இறக்கினான். கட்டையை ஏற்றினான். வெளிப்புறம் நன்றாகவே வந்தது. உட்புறம் குடையும்போது கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி அவன் முகத்துக்கு வந்தது.

இரண்டு பாதிகளையும் பெரியவரே அடுப்பில் போட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் எப்படி எப்படி என்று கேட்டபோது, "முந்தின நாள் கொஞ்சம் குடிச்சிருந்தான் போல" என்றார். முதல் தடவை சொன்னபோது அந்தப் 'போல' இருந்தது. சொல்லச் சொல்ல அது உதிர்ந்துவிட்டது.

டொக் டொக்.

உப்புத்தாள் நின்றது. மாடியில்தான். இப்போது கட்டில் இருக்கும் மூலையில் இல்லை; சுவரை ஒட்டி, கொஞ்சம் நகர்ந்து.

"பெரியவரே!" என்று வாசலில் குரல் கேட்டபோது அவருக்கு வந்த நிம்மதியை அவரே வெறுத்தார். குடையை உதறிக்கொண்டு கடைக்காரர் உள்ளே வந்தார், மழையில் பாதி நனைந்து.

"குடை எனக்கா, என் வயித்துக்கான்னு தெரியல. ரெண்டுல ஒண்ணுதான் உள்ள அடங்குது. ஒரு துணி இருந்தா கொடுங்க."

துணியைக் கொடுத்தார். கடைக்காரர் தலையைத் துவட்டியபடி அலமாரியின் முன் நின்று, ஒரு செப்பை எடுத்து மூடியை இழுத்தார். காற்றை உறிஞ்சிக்கொண்டு மெல்லிய 'ப்' சத்தத்தோடு திறந்தது.

"சின்னவர் வேலைதானே இது? இந்த மாதிரி மூடி பொருத்த இன்னொருத்தன் பிறந்து வரணும். அதான் மனசு கேக்கல." செப்பை மூடினார். "ஆனா வாங்கறவங்க கேக்கறாங்க பெரியவரே. மரம் வெடிச்சுதா, ஆள் சரியில்லையான்னு. குழந்தைங்க வாயில வைக்கிற சாமான் பாருங்க. மரம்னா, இந்த வீட்டுச் சாமானையே ஓரங்கட்டணும். ஆள்னா, அவர் கை பட்டதை மட்டும் வாங்காம விட்டுடலாம்."

"மரத்துல என்ன வந்தது? நான் பாத்த மரம்."

"அப்ப ஆள்தான்னு சொல்றீங்க."

பெரியவர் பதில் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதே போதும் என்று அவருக்குத் தெரியும்.

மாடியில் தட்டியது. கடைக்காரர் நிமிர்ந்தார். "மேல யாரு?"

"யாருமில்ல. மரம் உப்புது."

"உங்க வீட்டு மரம்கூட மரியாதையா கதவைத் தட்டிட்டுத்தான் உப்பும் போல." சிரித்துவிட்டுக் குடையை எடுத்தார். "அடுத்த தெருவுல ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டு, சின்னவர் வந்ததும் வரேன். அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடணும். பேச வேண்டாம், தலையாட்டினா போதும்."

தலையாட்டுவான். பெரியவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அண்ணன் சொல்லியிருக்கிறார் என்றால், தான் குடிகாரன் என்பதற்கும் தலையாட்டுவான். அதன் பிறகு இந்த இயந்திரத்தின் முன் அவனுக்கு இடமிருக்காது. அவன் மனைவி இந்த வீட்டில் இருக்க மாட்டாள்.

வெளிச்சம் மங்கியது. மழை வலுத்ததும் மின்சாரம் போயிற்று. பட்டறையில் மெழுகும் மரத்தூளும் ஈரமும் கலந்து வீசிய வாடைக்குள் இன்னொரு வாடை வந்து சேர்ந்தது. மெதுவாக, வந்து கொஞ்ச நேரமாகியும் இன்னும் பேர் சொல்லாத விருந்தாளி போல. அது என்ன என்று அவர் மூக்குக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. மனம்தான் தள்ளிப்போட்டது. எரியும் பசை. அந்தக் கட்டையை அடுப்பில் போட்ட அன்று வந்த அதே வாடை.

டொக் டொக்.

மாடியில் இல்லை. அலமாரியில்.

கிலுகிலுப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். இருட்டில் எதுவும் அசையவில்லை. அலமாரியின் கோடியில் இருந்த பம்பரம் தன் சின்னக் குரலில் பதில் சொன்னது. இடைவெளி. காது கொடுத்துக் கேட்பவனின் இடைவெளி. அடுத்து செப்பு, மணி மாதிரி. இடைவெளி. கிண்ணம், ஆழமாய், நீளமாய். நல்ல மரம். எல்லாம் நல்ல மரம். ஒவ்வொன்றாய், அவசரமே இல்லாமல், வரிசை தப்பாமல் வந்தது. யார் கை என்று தெரிந்தது. அந்த இரண்டு தட்டையும் அந்த நிறுத்தத்தையும் வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் அவர்.

அலமாரி முடிந்தது. மேசையில் தட்டியது. கதவு நிலையில். பிறகு அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில். அதிர்வு தொடையில் ஏறியது. மூச்சை நிறுத்திக்கொண்டார்.

முக்காலி நல்ல சத்தம் கொடுத்தது.

இடைவெளி. மிக நீண்ட இடைவெளி.

பிறகு அது விலகியது. மாடிப்படியில், ஒரு படி, அடுத்த படி, தட்டிக்கொண்டே ஏறிப் போயிற்று.

வாசலுக்கு ஓடியிருக்கலாம். தெருவில் நின்றிருக்கலாம். ஆனால் இந்த வீட்டுப் பெரியவர் தன் வீட்டுக்குள் இருக்கப் பயந்து மழையில் நின்றார் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது. எழுந்தார். முதுகை நிமிர்த்தினார். கைப்பிடியைப் பிடித்து ஏறினார்.

தம்பியின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவன் உட்கார்ந்திருந்தான்.

ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் வெள்ளைக்கட்டு மட்டும் தெரிந்தது. பெரியவரின் உடம்பு தளர்ந்தது. வந்துவிட்டார்கள். மழை இரைச்சலில் கேட்கவில்லை. அவன்தான் தட்டியிருக்கிறான், எல்லாம் அவன்தான்.

"எப்படா வந்தே? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கேள்வியின் கொடுமை உறைத்தது. அருகே போனார். அந்த இருட்டு அவருக்கு வசதியாக இருந்தது. முகம் தெரியாத இடத்தில் வாய் கொஞ்சம் இளகும்.

"தம்பி," என்றார். "அந்தக் கட்டையை நீ தட்டிப் பாத்திருக்கணும்டா." அப்போதும் குற்றம் அவன் பக்கம்தான் போயிற்று. "நான்தான் வேண்டாம்னேன். ஏன்னா அதுல..."

கீழே வெளிக்கதவு திறந்தது.

"மாமா! விளக்கு ஏதாவது கொண்டாங்க. இருட்டா இருக்கு, இவரை மெதுவாத்தான் ஏத்தணும்." தம்பி மனைவியின் குரல். ஈரச் செருப்புகளின் சத்தம். இரண்டு பேர் இல்லை, மூன்று. "பெரியவரே, சின்னவரும் வந்துட்டார்," என்றார் கடைக்காரர், கீழிருந்தே. "அவர் முன்னாடியே சொல்லிடுங்க. மரத்துல குறையா, இல்லையா?"

கட்டிலில் இருந்தது எழுந்து நின்றது.

மின்னல் அடித்தது. கட்டுக்குள் மூக்கு இல்லை. கன்னம் இல்லை. உருண்டை. கடைசலில் மட்டுமே வரும் உருண்டை. வாய் இருக்க வேண்டிய இடத்தில், கம்பியால் சுட்ட கறுப்புக்கோடு தலையைச் சுற்றி ஓடியது.

"மாமா? சொல்லுங்க மாமா."

அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. ஒரே வார்த்தை. குறைதான். அதைச் சொல்லிவிடலாம். நாக்கு அதுவரை போயும் விட்டது. ஆனால் கீழே கடைக்காரர் நிற்கிறார். நாளைக்குத் தெரு நிற்கும்.

"மரத்துல ஒரு குறையும் இல்ல," என்றார். குரல் நடுங்கவில்லை. "நான் தட்டிப் பாத்த மரம்."

டொக் டொக்.

அவர் நெஞ்சில்.

செத்த சத்தம். மந்தமாய், உள்ளே எதிலும் பட்டுத் திரும்பாமல். வீடு முழுக்கக் கேட்டது. படியில் ஏறிக்கொண்டிருந்த காலடி ஒன்று சட்டென்று நின்றது.

"என்னங்க? ஏன் நின்னுட்டீங்க?" என்றாள் தம்பி மனைவி.

அவனால் பதில் சொல்ல முடியாது. அண்ணனுக்குத் தெரியும், அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த உருண்டை குனிந்து அவர் மார்பில் பொருந்தியது. குளிர்ச்சி. மெழுகின் வழுவழுப்பு. இன்னொரு தட்டு, கொஞ்சம் கீழே. இன்னும் கீழே. குறை எங்கே தொடங்குகிறது என்று தேடுகிற விரல். பெரியவர் நிமிர்ந்தே நின்றார். கத்த வாய் திறக்கவில்லை.

விரல் ஓரிடத்தில் நின்றது.

நகம் இறங்கியது. வலிக்கவில்லை. தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை நேர்கோடாய் ஒரு விரிசல் திறந்தது. மாவு போல மெல்லிய தூள், அவர் தோலின் நிறத்தில், பாதங்களின் மேல் உதிர ஆரம்பித்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது.