சிவப்புப் பெருவிரல்

தேஷெங் மாமா தர வேண்டிய பாக்கி நானூற்றுப் பன்னிரண்டு யுவான். நூடுல்ஸ் கடையில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும் காலண்டரில், டிசம்பர் தாளின் ஓரமாக, ஜுவானின் அம்மா அதை எழுதி வைத்திருந்தார்.

எட்டு மாதத்துப் பாக்கி அது. பூண்டு நூடுல்ஸ், ஈரல் சூப், பந்தாட்டம் உள்ள நாளில் கூடுதலாக ஒரு முட்டை.

மாமா ஏமாற்றுகிறவர் இல்லை. அவருக்கே எட்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. தென் சீனாவின் குவாங்தோங் மலைப்பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் பச்சைமலை கிளப்பில் அவர் பதினேழு வருடமாகக் கால்பந்து ஆடுகிறார். சட்டை எண் எட்டு. கிளப் மேல் பிரிவுக்கு ஏறியபோதும் இருந்தார், கீழே விழுந்தபோதும் இருந்தார். பெரிய நகரத்துக் கிளப்புகள் மூன்று முறை கூப்பிட்டும் போகவில்லை.

"போயிருந்தா இந்நேரம் பங்களா கட்டியிருப்ப. பிழைக்கத் தெரியாத ஆளுப்பா நீ!" என்று கறிக்கடை லியாவ் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வார்.

"அங்க இந்தப் பூண்டு நூடுல்ஸ் கிடைக்காதே அண்ணே," என்று சொல்லிவிட்டு மாமா உறிஞ்சிச் சாப்பிடுவார்.

பத்து வயது ஜுவானுக்கு லியாவின் பேச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அவருடைய சூப்பில் மட்டும் ஈரல் துண்டு ஒன்று குறைத்துப் போடுவாள்.

டிசம்பரில் ஒரு நாள் காலை கிளப் மேனேஜர் சியூ கடைக்குள் வந்தார். மாமாவின் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். ஒரு தாளையும், சிவப்பு மை டப்பாவையும் மேசைமேல் வைத்தார்.

"தேஷெங், நீ முதல்ல கையெழுத்துப் போட்டு ரேகை வை. நீ வெச்சா மத்த பசங்க தானா வைப்பாங்க."

"என்ன தாள் இது?"

"வருஷா வருஷம் கால்பந்துச் சங்கத்துக்கு அனுப்புறதுதான். மாசக் கடைசிக்குள்ள இது போகலேன்னா அடுத்த வருஷம் நம்மள லீக்ல சேர்க்க மாட்டாங்க. கிளப்பை இழுத்து மூடிட வேண்டியதுதான்."

கிளப்பை மூடுவதா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்து மேளம் இல்லாத ஊரா? எட்டாம் எண் இல்லாத மைதானமா?

மாமா பெருவிரலை மையில் அழுத்தினார்.

ஜுவான் எட்டிப் பார்த்து, தாளைச் சத்தமாகப் படித்தாள். "இந்த ஆண்டுச் சம்பளம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன். பாக்கி எதுவும் இல்லை."

பக்கத்து மேசையில் இருந்த லியாவ்கூட மெல்லுவதை நிறுத்தினார்.

"மாமா, வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் ரேகை?"

"கிளப் பிழைக்கணும்ல, குட்டி."

மேனேஜர் முறைத்தார். "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை? போய்க் கிண்ணம் கழுவு!"

"கழுவியாச்சு," என்றாள் ஜுவான். காலண்டரைக் கழற்றி வந்து மேசைமேல் போட்டாள். "மாமா, இதுல எங்கம்மா 'வாங்கியாச்சு'ன்னு பொய்யா எழுதிட்டா, நீங்க அந்தக் காசைத் தருவீங்களா, மாட்டீங்களா?"

"எழுதினாலும் தருவேன். சாப்பிட்டவன் நான்தானே!"

"சரி. நீங்க அந்தத் தாள்ல ரேகை வெச்சிட்டா, இவர் தருவாரா?"

மாமா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தார். குளிர்காலம். மின்விசிறி ஓடவே இல்லை.

"கிளப்புல பதினெட்டு வயசுப் பசங்க ஆறு பேர் இருக்காங்க," என்றார் மாமா மெதுவாக. "நான் வெச்சா அவனுங்களும் வெச்சிருவானுங்க. அவனுங்க சம்பளமும் போயிரும்." தாளைத் தள்ளினார். "முடியாதுங்க."

"அப்போ கிளப்பை விட்டுப் போயிடு!"

"போகவும் மாட்டேன். பொய்யும் எழுத மாட்டேன். நாளைக்கு ஏழு மணிக்குப் பயிற்சி. நான் இருப்பேன். நீங்க வருவீங்களா?"

"கிளப் செத்தா உன்னாலதான்!"

"பதினேழு வருஷம் அதைச் சுமந்துக்கிட்டு ஓடினவன்கிட்டயா இந்தப் பேச்சு?"

மேனேஜர் தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். மை டப்பாவை மறந்துவிட்டார்.

மாமா தன் சிவப்புப் பெருவிரலைப் பார்த்தார். "வீணாக்கக் கூடாது," என்று சொல்லி, காலண்டரில் நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தார். "இது உண்மைக் கணக்கு."

சேதி மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஆட்டக்காரர்கள் ஒருவரும் ரேகை வைக்கவில்லை. ஆனால் ஒருவரும் பயிற்சியை விடவும் இல்லை. தினமும் ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேரும் மைதானத்தில் ஓடினார்கள். பார்க்க ஊரே வந்து வேலி ஓரம் நின்றது. முன்வரிசையில் மேளத்தோடு நின்றவர் கறிக்கடை லியாவ்!

பொய்த் தாள் கிடைக்காத கிளப் முதலாளிக்கு வேறு வழி இல்லை. கெடு முடிய இரண்டு நாள் இருந்தபோது அவருடைய நீளமான கறுப்புக் கார் விலை போனது. மலையடிவாரத்து நிலமும் போனது. எல்லோருக்கும் சம்பளம் வந்தது. அதன் பிறகுதான் இருபத்திரண்டு ரேகைகளும் தாளில் விழுந்தன. முதலில் விழுந்தது மாமாவுடையது.

ஜனவரி பிறந்தும் ஜுவானின் அம்மா அந்த டிசம்பர் தாளைக் கிழிக்கவில்லை. சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், ஊரே பழைய பாக்கிகளைத் தீர்க்கும் நாளில், மாமா வந்தார்.

"வேண்டாம் தம்பி, இருக்கட்டும்," என்றார் அம்மா. "ஊருக்காக நின்ன ஆள் நீ."

"ஊருக்காக நின்னேன் அக்கா. நூடுல்ஸை எனக்காகத்தான் தின்னேன். வாங்கலேன்னா இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"ஐயையோ, வாங்கிக்கம்மா!" என்றாள் ஜுவான்.

அம்மா நோட்டுகளை எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு. ஜுவான் பேனாவை எடுத்து, அந்தச் சிவப்பு ரேகைக்குப் பக்கத்தில், கொட்டை எழுத்தில் எழுதினாள்: வாங்கியாச்சு.