அடிநிறம்

நான்காம் அறைப் படுக்கையின் கண்ணாடி சூடாக இருந்தது. இருக்கக் கூடாது. உள்ளே காற்றாடி கெட்டுப்போனதால் அந்த அறையை யூருன் பல நாளாகவே மூடி வைத்திருந்தாள். செருகியைத் தன் கையாலேயே பிடுங்கி, ஒயரைச் சுருட்டிச் சுவரோரம் போட்டிருந்தாள். பழுது பார்க்கிறவன் வருகிறேன் வருகிறேன் என்று ஏய்த்துக்கொண்டிருந்தான். மூடியில் திருகு ஏதும் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வந்தவள் தற்செயலாகக் கண்ணாடிமேல் உள்ளங்கையை ஊன்றினாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி வெதுவெதுப்பு. வழக்கமான வெந்த தூசி வாசனையோடும் தேங்காயெண்ணெய் வாசனையோடும் முடி கருகும் நாற்றமும் லேசாக வந்தது. குனிந்து ஒயரைப் பார்த்தாள். சுருட்டியது சுருட்டியபடியே கிடந்தது.

பிரமை என்று சொல்லிக்கொண்டாள். அறையை வெளியிலிருந்து சாத்திவிட்டு முன்மேசைக்கு வந்து உட்கார்ந்தாள், எழுந்தாள், காபி ஊற்றினாள், குடிக்காமல் வைத்தாள். மதியம்தான், ஆனாலும் சன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. நவம்பரில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன் ஜனவரி பாதி தாண்டாமல் இந்த ஊருக்குத் திரும்பாது. அதனால்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. வெயில்போல் சுடும் விளக்குகளுக்கு நடுவே, கண்ணாடிப் படுக்கையில் காசு கொடுத்துப் படுத்துத் தோலைக் கறுக்க வைத்துக்கொள்ளும் இடம்தான் சோலாரியம். வடக்கு நோர்வேயில் அதை வைத்தவள் பட்டினி கிடக்க மாட்டாள்.

அவளுக்கு எதிர்ச் சுவரில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை தொங்கியது, தோலின் ஆறு வகைகள். ஆறாவது முகத்தின் நிறத்தில் ஒரு பஸ் ஓட்டுநர் வருவார், எரித்ரியாக்காரர். தனக்கு நிறம் போதும், எலும்புக்குச் சூடுதான் வேண்டும் என்று சிரிப்பார். முதல் முகம் யூருனுடையது, அவள் மகள் ஓஸ்னேயுடையது. செம்பட்டை முடி, பால்வெள்ளை, மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள். அந்தத் தோல் சிவக்கும், வேகும், உரியும். கறுக்கவே கறுக்காது. யூருனின் தோள்பட்டையில், புற்றாக மாறும் என்று மருத்துவர் மச்சத்தைத் தோண்டி எடுத்த குழி இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் எந்த விளக்குக்குக் கீழும் படுத்ததில்லை, மகளையும் படுக்க விட்டதில்லை. அவளுக்கு இருப்பது அந்த ஒரு பெண்தான்.

கதவு திறந்தது. பூட்ஸைக் கழற்றி வாசல் பலகையில் வைத்துவிட்டு ஓஸ்னே கம்பளிக் காலுறையோடு உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"அம்மா, எங்க வகுப்பே தெற்குக்குப் போகுது. எல்லாரும் அடிநிறம் போட்டாச்சு."

தெற்கு என்றால் இங்கே திசையல்ல. கேனரித் தீவில் ஒரு வாரம். போவதற்கு முன்னால் விளக்கில் படுத்துக் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் அங்கே வெயில் சுடாது என்று ஊரே நம்புகிறது. சுவருக்கு முதல் பூச்சு அடிப்பதுபோலத்தான். யூருனும் அதைச் சொல்லித்தான் விற்கிறாள்.

"நமக்கு அடியும் கிடையாது, நுனியும் கிடையாது. வெந்துதான் போவே."

"கடற்கரையில நான் மட்டும் உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி நிக்கணுமா?"

"நில்லு. அழகாத்தான் இருக்கும்."

"ஊருக்கெல்லாம் விக்கிறே. பெத்த பொண்ணுக்கு மட்டும் இல்லியா?"

"பெத்ததாலதான் இல்ல. பேசாம வீட்டுக்குப் போ."

"எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. இனிமே உன்னைக் கேக்கணும்னு சட்டமே இல்ல, தெரியுமா?"

எங்கோ கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. யூருன் அட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததால் எந்தக் கதவென்று பார்க்கவில்லை. போகட்டும், கோபம் தணிந்தால் அவளே கூப்பிடுவாள்.

இறால் படகில் வேலை பார்க்கும் ஒட்வார் குளிரை உதறிக்கொண்டு வந்தான்.

"என்ன யூருன், நீயே மீன் வயிறு மாதிரி வெளுத்துப் போயிருக்கே. நீ வெயில் விக்கிறேன்னா எவன் நம்புவான்?"

"நீ நம்பித்தானே வந்திருக்கே."

"நான் உன் காபியை நம்பி வந்தேன். அதுவும் ஆறிப்போயிருக்கு."

அவன் மூன்றாம் அறைக்குள் போனான். விளக்குகள் உறுமத் தொடங்கின. யூருனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. துண்டுகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். உறுமலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. ஈரமான சுவர்த்தாளை மெதுவாக, கிழியாமல், ஓரத்திலிருந்து உரிக்கிற சத்தம்.

"யூருன்!" ஒட்வார் உள்ளிருந்தே கத்தினான். "பக்கத்து ரூம்ல யாரு? ஒரே முனகலா இருக்கு!"

பக்கத்து அறை நான்கு.

அவள் வாசலைப் பார்த்தாள். பலகையில் ஒட்வாரின் பெரிய பூட்ஸ். அதன் பக்கத்தில் ஓஸ்னேயின் பூட்ஸ். பனியில் யாரும் காலுறையோடு வெளியே போக மாட்டார்கள்.

நடைவழியில் ஓடினாள். நான்காம் அறைக் கதவின் அடியில் நீல வெளிச்சம் கசிந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"ஓஸ்னே! அது கெட்டுப்போன மெஷின்டீ! வெளிய வா!"

"இன்னும் கொஞ்சம்தாம்மா." குரல் மகளுடையதுதான். ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்திருந்தது. "காலு மட்டும் பாக்கி."

யூருன் மின்பெட்டிக்கு ஓடி மொத்த இணைப்பையும் இறக்கினாள். கடையே இருண்டது. ஒட்வார் கெட்ட வார்த்தையில் திட்டினான். உறுமல் நின்றது.

நீல வெளிச்சம் நிற்கவில்லை.

உரியும் சத்தமும் நிற்கவில்லை. நீளமாக ஒன்று. பிறகு சின்னதாக ஒன்று. பிறகு எதுவுமில்லை.

தாழ் விலகியது.

துண்டைச் சுற்றிக்கொண்டு ஓஸ்னே வெளியே வந்தாள். கறுத்திருந்தாள். நெற்றி, கழுத்து, விரலிடுக்கு, எல்லாம் ஒரே சீராக, அடுப்பில் பதமாக எடுத்த ரொட்டியைப் போல. முடிகூட ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

"பாத்தியாம்மா? ஏறிடுச்சு."

ஒட்வார் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "அட, பொண்ணு தேறிட்டாளே! நீ என்னமோ ஏறவே ஏறாதுன்னு பயமுறுத்திக்கிட்டிருந்தே."

யூருன் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். காதுக்குக் கீழே பார்த்தாள். மூக்கில் பார்த்தாள். தோளில் பார்த்தாள். தோல் கொதித்தது.

"புள்ளியெல்லாம் எங்கடீ?"

"உரிஞ்சு போச்சு," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே.

யூருன் அவளை விலக்கிவிட்டு உள்ளே போனாள். மூடி பாதி தாழ்ந்திருந்தது. ஒயர் சுவரோரம் சுருண்டபடியே கிடந்தது. குழல்கள் மட்டும் மங்கலாக எரிந்தன. கருகல் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. மூடியைத் தூக்கினாள்.

கண்ணாடிமேல் அது கிடந்தது.

முழுதாக. எங்கும் கிழியாமல். ஈரமாக, மெல்லிசாக, உள்ளே ஒன்றுமில்லாமல். செம்பட்டை முடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. புள்ளிகள் எல்லாம் இருந்தன. காதுக்குக் கீழேயும் இருந்தன.

தொட்டாள். சூடு.

தட்டையான கை அசைந்தது. ஒவ்வொரு விரலாக வளைந்தது. அவள் சுட்டுவிரலைச் சுற்றிக்கொண்டது.

உதடுகள் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு பிளவு திறந்தது. காற்று இல்லை. குரல் இல்லை. ஆனால் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"என் கண்ணு," என்றாள் யூருன். "என் கண்ணே."

பின்னால் வெறுங்கால் சத்தம். ஒரு கறுத்த கை அவள் தோளைத் தாண்டி நீண்டது. கையில் மருந்து பாட்டிலும் துணியும். விளக்கில் படுத்தவர்தான் எழுந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். எல்லாச் சோலாரியத்திலும் அதுதான் வழக்கம்.

"விடும்மா. நான் படுத்தது, நானே தொடச்சிடறேன்."

மருந்து சீறியது. யூருனின் விரலைப் பிடித்திருந்த கை இறுகியது. துணி நெற்றியில் பட்டது. புள்ளிகள் ஒவ்வொன்றாக அழியத் தொடங்கின.