ஷ்யாம் பேரில் இருந்த ஆட்டம்

கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் அந்த வீட்டுக் கதவைப் பரணிதரன் தட்டியபோது சாயங்காலம் நாலு மணி. 2009, நல்ல வெயில் காலம். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, சிறுசேரி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

கதவைத் திறந்த சாரதாம்பாளுக்குக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. காலேஜ் படித்த ஒரே மகன் ஷ்யாம், மகாபலிபுரம் கடலில் குளிக்கப் போய் மூழ்கி நாற்பது நாள் ஆகியிருந்தது.

"அவன் சட்டை, பைக், கேம் சிடி எல்லாத்தையும் ஆளுக்கொண்ணா குடுத்துட்டேன் தம்பி. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கேம் மட்டும் இருக்கு. நெட்லயே காசு கட்டி வாங்கினது. அவன் பேர்ல இருக்கறதால வேற யாருக்கும் குடுக்க முடியாதாம். அதை மட்டும் அழிச்சிடாதீங்க."

பரணி தலையாட்டினான். தலையாட்டக் காசா பணமா? பேசிய விலையைக் கொடுத்துப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

நெட்டில் வாங்கும் கேம் என்றாலே அவனுக்கு ஆகாது. கையில் பிடிக்க முடியாததற்கு எவனாவது காசு கொடுப்பானா என்று கேட்பான். சிடி வாங்குவான், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஆடித் தீர்ப்பான், பாதி விலைக்கு விற்று அடுத்ததை வாங்குவான். மகா கெட்டி!

மூன்றாவது ஞாயிறு, புது சிடியைப் போட்டால் உள்ளே இடம் போதவில்லை. ஷ்யாமின் கேமை ஒரே அமுக்கில் அழித்தான்.

"ஏங்க, அந்தம்மா அழிக்காதீங்கன்னு சொன்னாங்க இல்ல?" என்றாள் மனைவி பிரதீபா.

"சும்மா இரும்மே. அவங்க வந்து பாத்துகினா இருக்கப் போறாங்க?"

அன்றே நாலு வயது மகள் வைஷாலிக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் அவள் முடியில் உப்பு வாடை. தலையணையை உதறினால் ஈர மணல். பிள்ளையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் மாதக்கணக்காகிறது.

மூன்றாம் நாள் டாக்டர் ஊசியும் கேட்கவில்லை. குழந்தை கண்ணைத் திறந்து அப்பனைப் பார்த்தது.

"அண்ணா, என் கேமை இன்னா பண்ணீங்க?"

குரல் அவளுடையதுதான்.

 பரணி ஓடிப்போய்ப் பெட்டியைப் போட்டான். கேமைத் திரும்ப இறக்க ஷ்யாமின் பாஸ்வேர்டு கேட்டது. சாரதாம்பாளுக்குப் போன் போட்டான்.

"எனக்குத் தெரியாதே தம்பி... ஐயோ, அழிச்சிட்டீங்களா?"

பிறகு அழுகைதான் கேட்டது.

பின்னால் ஈரக் காலடிச் சத்தம்.

வைஷாலி அவன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள். எழுத்தே தெரியாத பிள்ளை. பதினோரு எழுத்தைத் தடுமாறாமல் அடித்தாள்.

பெட்டி ஏற்றுக்கொண்டது.

கேம் இறங்கி முடிய நாலு மணி நேரம். மகளை மடியில் போட்டுக்கொண்டு, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டபடி உட்கார்ந்திருந்தான். நூறு சதவீதம் என்று வந்ததும் குழந்தைக்குக் குப்பென்று வேர்த்தது. காய்ச்சல் விட்டுவிட்டது.

"அப்பா, பசிக்குது."

கட்டிக்கொண்டு அழுதுவிட்டான். "இனிமே அதுல கையே வெக்க மாட்டேன்பா," என்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டான். பிரதீபா ஊட்டிய ரசஞ்சாதத்தை இரண்டு வாய் தின்றுவிட்டு, பிள்ளை பாயில் படுத்துத் தூங்கிப்போனாள்.

அணைக்கப் போனபோதுதான் திரையைப் பார்த்தான். கேம் தானாகத் திறந்திருந்தது.

முதல் ஆட்டக்காரர், ஷ்யாம்.

இரண்டாவது, வைஷாலி.

அந்தப் பெயரை அவன் அதில் அடித்ததே இல்லை.

பிளக்கைப் பிடுங்கினான். திரை இருண்டது.

பாயில் குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் வெறும் காற்றை நிதானமாக அமுக்கிக்கொண்டிருந்தன.