பலகைக்குக் கீழே இருட்டு

ஆங்கிலேய ஊரான இல்ஃபோர்டில் தாரகாவின் வீட்டுக்குப் பலகைத் தரை. பலகைகளுக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு வெற்றிடம் இருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று எவரும் எட்டிப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை முன்னறையில் அப்பாவின் கால் பலகையை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை உள்ளே இறங்கியது. அன்றோடு அப்பாவும் அம்மாவும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

"தாரகா, உன்ர அம்மாட்டச் சொல்லு. வெள்ளிக்கு வெள்ளி வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவினா மரம் உக்காமல் என்ன செய்யும்? இது யாழ்ப்பாணத்துச் சீமெந்துத் தரை இல்லை."

அம்மா பக்கத்திலேதான் நின்றாள். "கழுவாத வீட்டில நான் விளக்கேத்த மாட்டன் எண்டு உன்ர அப்பாட்டச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுதானே?" என்றாள் தாரகா.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வாளியைத் தொடவில்லை. விளக்கையும் ஏற்றவில்லை. சாமிப் படத்தின் முன்னே இருட்டாக இருந்தது.

மறுநாள் தச்சு வேலை செய்யும் நிர்மலன் வந்து பலகைகளைக் கழற்றினார். ஈரக் காலுறை நாற்றம் வீடெங்கும் பரவியது. தாங்குமரங்களில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

"முழுத் தரையும் போச்சுது அண்ணை," என்றார் அவர்.

"கழுவின புண்ணியம்," என்றார் அப்பா. அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள்.

தாரகா குப்புறப் படுத்து, கழற்றாத பலகைகளுக்கு அடியில் பார்த்தாள். எங்கும் ஒரே இருட்டு. ஒரு கீற்று வெளிச்சம்கூட இல்லை. மூடிய கிணறு மாதிரிக் காற்றில்லாமல் கிடந்தால் ஈரம் எப்படிக் காயும்?

அவள் வாசலுக்குப் போனாள். பக்கத்து வீட்டுச் சுவரின் அடியில் காற்றுப் போக ஓட்டைகள் உள்ள செங்கற்கள் இருந்தன. தங்கள் சுவரில் அதே உயரத்தில் சீமெந்து பூசியிருந்தது.

நிர்மலனுக்குக் கேட்காதபடி அப்பாவை வெளியே அழைத்துக் காட்டினாள்.

அப்பா குனிந்து சீமெந்துப் பூச்சைத் தடவிப் பார்த்தார். "போன மார்கழி உன்ர அம்மாவுக்குக் கால் விறைக்குது எண்டு நான்தான் அடைச்சனான்."

"அப்ப அதை அம்மாட்டச் சொல்லுங்கோ."

"நீ போய்ச் சொல்லன், பிள்ளை."

"ஏலாது அப்பா. இதை நீங்கள்தான் சொல்லோணும்."

அப்பா சமையலறை வாசலில் போய் நின்றார். "வத்சலா, காத்துப் போற ஓட்டையளை அடைச்சது நான். பிழை முழுக்க உன்னில போட்டிட்டன்."

அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அப்பா உளியும் சுத்தியலுமாகக் குளிரில் குந்தியிருந்து சீமெந்தை உடைத்தார். சிறிது நேரத்தில் அம்மா வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, குப்பைத்தொட்டிக்குப் பின்னால இன்னுமொண்டு கிடக்கு."

"ஓம்," என்று அப்பா தொட்டியை நகர்த்தினார்.

"இனி நான் துணியைப் பிழிஞ்சு துடைப்பன். அதுக்காக நீங்கள் பேசினதை மறந்திட்டன் எண்டு நினைக்காதேங்கோ."

"நினைக்கேல்லை."

அன்று முழுவதும் தாரகாவிடம் ஒருவரும் எதையும் சொல்லியனுப்பவில்லை.