அடித்தொட்டி

குளத்து நீர் வெதுவெதுப்பாக இருந்தது. கொடைக்கானலின் மார்கழிக் காலையில், வெந்நீர் இயந்திரமே இன்னும் மாட்டாத குளத்தில், அது எப்படி? விரலை நனைத்துப் பார்த்த மேலாளர் சிவராமன் கையை உதறினார். கதகதப்பு விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

வில்பட்டிச் சாலையில் எழும்பியிருக்கும் தேசிய நீச்சல் மையத்துக்கு இன்னும் மூன்று நாளில் திறப்பு விழா. முதல் ஆளாக நீந்தப்போவது அவருடைய ஒரே மகள் தேவகுமாரி. ஒத்திகைக்காக அவள் மூடுபனிக்குள் நீந்திக்கொண்டிருந்தாள். குளோரின் நெடியோடு ஈரச்சேலை வாடையும் கலந்து வீச, கைகள் தண்ணீரை அடிக்கும் ஓசை தூரப் போய், எதிர்ச்சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. திரும்பும்போது இரண்டு பேர் நீந்தும் ஓசையாக வந்தது.

ச்சே, எதிரொலி.

குளத்துக்கு அடியில் ஒரு தொட்டி உண்டு. அதைக் கழுவ இறங்கியவர்களை மேலே ஏற்றி, தலை எண்ணிய பிறகுதான் தண்ணீர் திறக்க வேண்டும். டெல்லியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்த அன்று, அவசரத்தில், சிவராமன் எண்ணாமலே திறந்துவிட்டார். கழுவ இறங்கியிருந்த கந்தம்மாள் ஏறி வரவேயில்லை. வடித்துப் பார்த்தால் தன் குட்டு உடைந்துவிடும் என்று, குளத்துத் தரையில் உள்ள தொட்டி வாயில் கம்பித்தட்டைப் போட்டுத் தன் கையாலேயே திருகாணிகளை முடுக்கினார். அவள் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று கதை கட்டினார். பாவி மனுஷன்! அதையும் அவள் புருஷன் மாயாண்டியிடமே போய்ச் சொன்னார். இங்கே பம்பு ஓட்டுவது அந்த மாயாண்டிதான்.

ஓசை நின்றது.

"தேவி?"

பனி. குமிழி. அதுவும் இல்லை.

சிவராமனுக்கு நீந்தத் தெரியாது. "மாயாண்டி! தண்ணிய வடிச்சு விடுய்யா, வெரசா!"

பம்பு அறை வாசலில் வந்து நின்றான் மாயாண்டி. "வடிக்கலாங்க ஐயா. அதுக்கு முந்தி, எம் பொஞ்சாதி எங்கனு சொல்லுங்க."

"தொட்டியிலதான்யா கெடக்கா! நான்தான் மூடுனேன்! எம் புள்ளையக் காப்பாத்து!"

மாயாண்டி உள்ளே போய் வடிகாலைத் திறந்தான்.

தண்ணீர் இறங்கியது. கழுத்தளவு. இடுப்பளவு. சிவராமன் ஏணியில் விழுந்தடித்து இறங்கினார்.

தரை காலி. மகள் இல்லை.

கம்பித்தட்டு மட்டும். திருகாணி ஒன்றுகூட அசையவில்லை.

அடியிலிருந்து, "அப்பா..."

விரல் மட்டுமே நுழையும் இடுக்கு. அதன் வழியே நகங்களில் நீலச் சாயம் பூசிய தேவியின் பிஞ்சு விரல்கள் எட்டிப்பார்த்தன. ஊறிக் கறுத்த வேறு விரல்கள் அவற்றைக் கோத்துப் பிடித்து, மெல்ல, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.