வெற்றுக் கொக்கிகளின் எடை

வெறுமையாகத் தொங்கிய கொக்கி ஒன்று எடை காட்டியது.

மயூரா முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. மெல்பேர்ணின் மேற்குப் புறத்தில், அந்தப் பெரிய தகரக் கொட்டகைக்குள், கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வயிற்றை மட்டும் சோதனைக்காக இரும்பில் செய்து உயரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அணுகுண்டு சுமக்கவென்று வடிவமைத்த வயிறு அது. இனி அதில் சாதாரணக் குண்டுகளை வரிசை வரிசையாகத் தொங்கவிட வேண்டும். பயணிகள் விமான வேலை என்று சொல்லி எடுத்தவர்கள், ஆறேழு மாதத்தில் அவளை இந்தக் கொக்கிகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

குளிர்கால மாலை. கூரையில் மழை சரசரத்து ஓய்ந்து மறுபடி சரசரக்க, எண்ணெய் வாடை அவள் இருந்த கண்ணாடி அறைக்குள்ளும் கசிந்து வர, திரையில் அடுத்த கொக்கியும் எடை காட்டத் தொடங்கியது.

"சென்சார் கோளாறு. ஜீரோ பண்ணிட்டுக் கிளம்பலாம்," என்றான் உடன் வேலைசெய்யும் பிரதீப்குமார். மதுரைக்காரன்.

"பொறுங்கோ. இது குண்டின்ர எடையும் இல்லை, ஆளின்ர எடை."

ஐம்பத்தொரு கிலோ. பக்கத்தில் பதினாறு.

பதினாறு. போர்க்காலத்து வன்னியில் பங்கர்க் குழிக்குள் குப்புறப் படுத்து, கிபிர் குண்டுவீச்சு விமானம் இரைந்து போகும்வரை காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவள் அவள். வெளியே நின்ற தங்கையை இழுத்துவரப் போகவில்லை. தங்கைக்கு அப்போது ஐந்து வயது; பதினாறு கிலோதான் இருந்திருப்பாள்.

"நாளைக்கு வெளிநாட்டுலேர்ந்து ஆளுங்க வர்றாங்க, மயூரா. அந்த ரீடிங்கை அழிச்சிடுங்க, ப்ளீஸ்."

"அழிக்க மாட்டன். பாத்திட்டு வாறன்."

டோர்ச்சோடு இரும்பு வயிற்றின் கீழே போய் நின்றாள். எண்ணெய் வாடை அங்கே இல்லை. ஈர மண் மணத்தது. கருகிய பனையோலை மணத்தது. வயிற்றின் மூடிய கதவுகளுக்கு மேலே பலர் மெதுவாக, பிறர் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல, மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

உடம்பு குப்புற விழப் பார்த்தது. விடவில்லை அவள்.

"ஆர் அங்க?"

மூச்சுச் சத்தம் நின்றது.

ஒலிபெருக்கியில் பிரதீப்குமார் அலறினான். "வெளிய வாங்க! கதவு தானாத் தொறக்குது. நான் எதையும் தொடல!"

தூணிலிருந்த, எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். கதவு நிற்கவில்லை. மறுபடி அடித்தாள்.

கதவுகள் விரிந்தன.

கொக்கிக்கு ஒருவர். இடுப்பில் பட்டி. குப்புறக் கிடையாக. மண் அப்பிய முகங்கள். கிழவர்கள். பெண்கள். எல்லார் கண்களும் திறந்திருந்தன. எல்லாம் அவளை நோக்கி.

நடுவில், சின்னதாய் ஒருத்தி.

"ஓடுங்க, மயூரா!"

"ஓட மாட்டன்!" தொண்டை கிழியக் கத்தினாள். "படுக்கவும் மாட்டன்! விழுத்துங்கோடா பாப்பம்!"

டோர்ச்சை எறிந்தாள். அந்தச் சின்னவளுக்கு நேரே கீழே போய் நின்று இரு கைகளையும் ஏந்தினாள்.

உருண்ட வெளிச்சம் மேலே ஏறியது. வரிசைக்கு மேல் வரிசை. இரும்பு வயிற்றையும் தாண்டி. கூரையையும் தாண்டி. முடியவே இல்லை.

முதல் கொக்கி கழன்றது.