இருபத்தொன்றா, இருபத்துமூன்றா?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அக்கா ஒரு தாளைக் கொடுத்துவிடப் போகிறாள். கொடுத்துவிட்டால் முடிந்தது. அதன்பிறகு அவள் நிதியியல் படிக்கிற பெண் இல்லை.

கெலேராவுக்கு அன்று வகுப்பில் உட்காரவே முடியவில்லை. கால் தானாக ஆடியது. பென்சிலின் நுனியைக் கடித்துக் கடித்து உள்ளே மரம் தெரிந்துவிட்டது.

"என்ன கெலேரா, பெஞ்சுல எறும்பா?" என்று கேட்டார் டீச்சர்.

"பெஞ்சுல இல்ல டீச்சர், எனக்குள்ள."

வகுப்பே சிரித்தது. கெலேரா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிதான் ஆகியிருந்தது.

கெலேராவின் அக்கா அசெனாதா, ஃபிஜியின் தலைநகரான சுவாவில், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நிதியியல்தான் அவள் எடுத்த முக்கியப் பாடம். இன்றைக்குக் கையில் இருக்கும் நூறு டாலர் பத்து வருடம் கழித்து எவ்வளவாக இருக்கும், இந்தக் கம்பெனியை நம்பிக் கடன் கொடுக்கலாமா கூடாதா, இருக்கிற பணத்தையெல்லாம் ஒரே படகில் ஏற்றலாமா, இப்படியெல்லாம் அந்தப் படிப்பில் வரும். மற்ற வீட்டு அக்காக்கள் பாத்திரம் கழுவும்போது பாட்டுப் பாடுவார்கள். அசெனாதா வட்டியைப் பற்றிப் பேசுவாள். கைநிறைய நுரையோடு திரும்பி, "இது எவ்ளோ அழகா இருக்குல்ல?" என்பாள்.

அந்த அக்காதான் நேற்றுச் சாயங்காலம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை எழுதிய தேர்வில் இருபதுக்கு ஆறு.

அம்மா மீன் ஃபேக்டரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்று மரத்துப்போன காலை, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருந்தாள்.

"ஆறா? போன தடவை பதினெட்டு வாங்குனியேடி!"

"அது ஏதோ குருட்டாம்போக்குல வந்ததும்மா. இதுதான் நெஜம்." அசெனாதா கேள்வித்தாளைத் தள்ளிவைத்தாள். "ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை குடுத்திருந்தாங்க. நான் போட்ட விடை அதுல அப்படியே இருந்துச்சு. சந்தோஷமா டிக் பண்ணிட்டு வந்தேன். அத்தனையும் தப்பு! தப்பா போடுறவங்களுக்குன்னே ஒரு விடை வைப்பாங்களாம். ஒரு தடவை மாட்டலாம். பதினாலு தப்புல பதினோரு தடவையா மாட்டுவாங்க?"

"இப்ப என்ன பண்ணப்போற?"

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் பாடத்தை மாத்திக்கலாம். ஆபீஸ் நிர்வாகம் எடுத்துக்கிறேன். அதுல கணக்கு இல்ல."

"எனக்கு என்னடி தெரியும். நான் நின்னு வேலை பாக்குறேன், நீங்க ரெண்டு பேரும் உக்காந்து வேலை பாத்தா சரி" என்றாள் அம்மா. சட்டியில் தண்ணீர் ஆறிப்போய் வெகுநேரம் ஆனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் கெலேரா ஓடினாள். மழை பெய்தது. சுவாவில் மழை பெய்யாத மதியம்தான் அதிசயம், அதனால் அவள் தலையைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. அக்காவின் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. படபடப்பில் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். படுக்கைமேல் கணக்குப்பொறி கிடந்தது. அதை அவள் மறந்துவிட்டுப் போகவில்லை, வீசிவிட்டுப் போயிருக்கிறாள்.

அது கடையில் விற்கிற சாதாரணக் கணக்குப்பொறி இல்லை. வட்டிக் கணக்குக்கென்றே செய்தது. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு வேலை. மஞ்சள் விசையை அழுத்திவிட்டு வேறு எதை அழுத்தினாலும் திரையில் புதிதாக ஏதாவது வரும்.

இது கெலேராவுக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் சிக்கல்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டு டொரிகாவோடு பேங்க் விளையாட்டு விளையாடினாள். கெலேரா மேனேஜர். மேனேஜர் என்றால் சும்மா இருக்க முடியுமா? மஞ்சள் விசையை அழுத்தினாள், இன்னொன்றை அழுத்தினாள், மறுபடி மஞ்சள், மறுபடி இன்னொன்று. திரையின் மேல்மூலையில் எறும்பு சைஸில் மூன்று எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. அழித்துப் பார்த்தாள், போகவில்லை. உறையில் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அக்காவிடம் சொல்லவில்லை.

இப்போது திறந்து பார்த்தாள். அந்த மூன்று எழுத்தும் அங்கேயே இருந்தன.

'எழுத்துதானே, அது என்ன பண்ணும்?' என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர நம்பவில்லை.

அக்கா அவளுக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த கணக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பத்து டாலர் போட வேண்டும். நூற்றுக்குப் பத்து வட்டி. இரண்டாவது வருடக் கடைசியில் எவ்வளவு இருக்கும்?

கெலேரா நோட்டில் போட்டாள். முதல் வருடக் கடைசியில் போட்ட பத்து, அடுத்த வருடம் பதினொன்றாகும். அதோடு இரண்டாவது பத்து. மொத்தம் இருபத்தொன்று. இதில் தப்பு என்ன இருக்கிறது?

அதையே கணக்குப்பொறியில் போட்டாள். அது இருபத்துமூன்று டாலர் பத்து சென்ட் என்றது.

திரும்பவும் போட்டாள். அதே இருபத்துமூன்று பத்து.

கெலேராவுக்குக் காது சூடானது. தப்புப் போட்டது அக்கா இல்லை. பொறிதான். பொறியைக் கெடுத்தது யார்?

சுவரில் மணி மூன்றே கால்.

சொன்னால் அக்கா தோலை உரித்துவிடுவாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, ஒருநாளும் தெரியாது. கணக்குப்பொறியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் ஓடினாள்.

பஸ்ஸில் தன் பயண அட்டையை வைத்ததும் இயந்திரம் சிவப்பு காட்டிக் கத்தியது. ஓட்டுநர் சிவ்ராம் திரும்பிப் பார்த்தார்.

"இது பள்ளிக்கூட அட்டை பாப்பா. ஸ்கூலுக்குப் போறதுக்கும் வீட்டுக்கு வர்றதுக்கும்தான். நீ எங்க போற?"

"யூனிவர்சிட்டிக்கு அங்கிள்."

"அப்படியா! எந்த வருஷம்?"

"ரெண்டாவது வருஷம். நிதியியல்" என்றாள் கெலேரா மூச்சு வாங்க. "எனக்கு இல்ல, எங்கக்காவுக்கு. நாலு மணிக்குள்ள போகலேன்னா படிப்பே போயிடும். அங்கிள், கெரெகெரே!"

ஃபிஜியில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது கஷ்டம். கேட்பவர் கேட்டுவிட்டார், இருப்பவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சிவ்ராம் இந்திய வம்சாவளிக்காரர்தான். ஆனாலும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"உங்க ஆளுங்களுக்கு இது ஒண்ணு கிடைச்சிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே தன் அட்டையை எடுத்துத் தட்டினார். "ஏறு ஏறு. நிதியியலாம். முதல்ல பஸ் காசு கட்டக் கத்துக்கச் சொல்லு உங்கக்காவை!"

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. மழைக்காக ஜன்னலில் இறக்கிவிட்ட தார்ப்பாய் படபடவென்று அடித்தது.

மாணவர் அலுவலகத்துக்குள் அவள் சொட்டச் சொட்ட நுழைந்தபோது மணி மூன்று ஐம்பத்து மூன்று. அசெனாதா எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் தாள் இல்லை.

"கெலேரா? நீ இங்க என்னடி பண்ற? அம்மாவுக்கு ஏதாவதா?"

"தாளைக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன். ஏன்?"

கெலேரா கணக்குப்பொறியை நீட்டினாள். "அக்கா, இருபத்தொண்ணு வரணும். இருபத்துமூணு வருது. நான்தான். ஞாயித்துக்கிழமை பேங்க் விளையாட்டுல எதையோ அழுத்திட்டேன். நீ தப்பாப் போடல. அடிக்கிறதா இருந்தா அப்புறம் அடி, முதல்ல தாளை வாங்கு!"

அசெனாதா திரையைப் பார்த்தாள். அந்த மூன்று எழுத்தைப் பார்த்தாள்.

"வருஷத் தொடக்கத்துல பணம் போடுறதா மாத்தி வெச்சிருக்க" என்றாள். "அதான் ஒவ்வொண்ணுலயும் ஒரு தவணை வட்டி கூடிக்கிட்டே போயிருக்கு. ஐயோ! பதினோரு கணக்கும் அதானா!"

இருவரும் தாள் வாங்கும் ஜன்னலுக்கு ஓடினார்கள். உள்ளே காதோரம் செம்பருத்தி வைத்த பெரிய உடம்புக்காரி ஒருத்தி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சட்டையில் லுசியானா என்று பெயர் குத்தியிருந்தது.

"அந்தத் தாள் எனக்குத் திரும்ப வேணும்" என்றாள் அசெனாதா.

"இப்பதானே குடுத்த? அழுதுகிட்டே குடுத்தியே, அந்தப் பொண்ணுதானே நீ?"

"ஆமா. இப்ப அழல."

"காலையிலேருந்து இதான் எனக்கு வேலை. ஒருத்தி குடுக்கிறா, ஒருத்தி கேக்கிறா." லுசியானா கெலேராவைப் பார்த்தாள். "இந்த நனைஞ்ச எலி யாரு? எந்த ஊருடி நீங்க?"

"கண்டாவு தீவு" என்றாள் கெலேரா. "அம்மாவோட ஊரு."

"கண்டாவுல எந்தப் பக்கம்?"

கெலேரா சொன்னாள். லுசியானா பெருமூச்சு விட்டாள். "என் வீட்டுக்காரரோட ஊருக்கு அடுத்த ஊரு. அப்ப நான் உங்களுக்குப் பெரியம்மா. தலையெழுத்து!" அவள் முத்திரைக் கட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "நாலு மணிக்குத்தான் முத்திரை குத்துவேன். அது வரைக்கும் இது உன் தாள். அது சரி, எதுக்கு மனசு மாறின?"

கெலேரா பத்து டாலர் கணக்கைச் சொன்னாள். லுசியானா விரல்விட்டு எண்ணினாள்.

"இருபத்தொண்ணு. இதுக்கு எதுக்கு மிஷின்?" என்று தாளைத் தள்ளினாள். அசெனாதா அதை நாலாகக் கிழித்தாள்.

வெளியே வராந்தாவில், ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அவள் பொறியைச் சரிசெய்தாள். நாலே விசைதான். பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துத் தப்பான பதினாலு கணக்கையும் மறுபடி போட்டாள். பதினொன்று சரியாக வந்தன.

"மார்க்கை மாத்துவாங்களா?" என்று கெலேரா மெதுவாகக் கேட்டாள்.

"மாட்டாங்க. பொறியைப் பாத்துட்டு எழுதவேண்டியது என் வேலை. ஆறு ஆறுதான்." அசெனாதா ஓரத்தில் ஏதோ கூட்டிப் பார்த்தாள். "கடைசிப் பரீட்சையில அறுபத்தி நாலு எடுத்தா தேறிடலாம். எடுப்பேன்."

"மீதி மூணு தப்பும் நானா?"

"இல்லடி. அந்த மூணும் நானே கஷ்டப்பட்டுப் பண்ணது." சொல்லிவிட்டு அசெனாதா தங்கையின் காதைப் பிடித்துத் திருகினாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் திருகிய கை காதை விட்டதும் தலையைத் துவட்டத் தொடங்கிவிட்டது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த மூன்று கணக்கும் மடியில் இருந்தன. முதலாவதில் எங்கே சறுக்கினாள் என்று அசெனாதா காட்டினாள். இரண்டாவதில் கெலேரா ஒரு கேள்வி கேட்டாள். "அட, ஆமா!" என்று அசெனாதா துள்ளியதில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது சரியாக வந்து இருவரும் தலையை நிமிர்த்தியபோது, அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் மூன்று நிறுத்தத்துக்குப் பின்னால் போயிருந்தது.